சாகிரா டீச்சரின் டம்ளரில் நாங்கள் வெட்டிய பெயர்

காணாத காற்றின் அழுத்தத்தைக் கண்ணெதிரே காட்டிய கல்விச் சுடரே! அடுப்படிப் பொருள்களாலேயே அறிவியலை அள்ளி வழங்கிய அன்னையே! பணி ஓய்வு பெறும் எங்கள் சக ஆசிரியை, அறிவியல் ஆசிரியை திருமதி சாகிரா அவர்களே! வணக்கம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆயினும் சொல்கிறோம்.

எவர்சில்வர் டம்ளர் ஒன்று, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று: இவையே தங்கள் ஆய்வுக்கூடம். டம்ளர் நிறைய நீர் நிரப்பி, பத்திரிகையால் வாயை மூடி, துணிந்த பிள்ளையின் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடிப்பீர்கள். "கீழேருந்து காத்து தாங்குதுடா, பயப்படாத" என்பீர்கள். தங்கள் பணிக்காலம் முழுதும் ஒரு தலையும் நனைந்ததில்லை!

அந்த டம்ளரையே தங்களுக்கு நினைவுப் பரிசாக்கும் ஆசையில், சீர்ப் பாத்திரத்துக்குச் செய்வதுபோல், தங்களுக்குத் தெரியாமல் பஜாரில் பெயர் வெட்டுபவரிடம் கொடுத்து அடியில் தங்கள் பெயரை வெட்டி வாங்கி, மறுபடி அலமாரியில் வைத்தோம். தேய்ந்த தகட்டில் உளி ஒரு புள்ளியில் ஊடுருவியதை நாங்கள் எவரும் பார்க்கவில்லை.

சென்ற வாரம் அறிவியல் கண்காட்சி. சிறப்பு விருந்தினர், தங்கள் பழைய மாணவர் ஜவுளிக்கடை பூபதி. "அப்பவே என் தலை நனையல டீச்சர். இப்ப நனைஞ்சிடுமா?" என்று குனிந்தார். நனைந்தது, போர்த்திய சால்வையும் நனைந்தது. "டீச்சரோட சேர்ந்து காத்தும் ரிட்டயர் ஆயிட்டுது!" என்றார் கணக்கு ஆசிரியர் ஜெகதீஷ். அரங்கமே சிரித்தது, உரக்கச் சிரித்தவர்கள், ஐயோ, நாங்கள்! தாங்களோ தரையைத் துடைத்துவிட்டு, "கை நடுங்கிட்டுதுப்பா. எனக்கு ஃபங்ஷன் எதுவும் வேணாம்" என்று சொல்லிப் போய்விட்டீர்கள்.

பொட்டலம் கட்டுமுன் டம்ளரைக் கழுவிய ஜெகதீஷ்தான் அடியில் சொட்டுவதைக் கண்டார். அந்த ஓட்டை வழியே மேலிருந்தும் காற்று புகுந்தால் நீர் எப்படி நிற்கும்? தங்களிடம் படித்த பிள்ளைக்கே தெரியும். தங்கள் கை நடுங்கவே இல்லை, அம்மையீர்!

தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றோம். டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். "பேரு அழகா வெட்டியிருக்கான். ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டக் கூடாதா ஜெகதீஷ்?" அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்து, நீர் நிரப்பிப் பத்திரிகையால் மூடி, அங்கேயே கவிழ்த்தீர்கள். ஒரு சொட்டும் விழவில்லை.

பெருந்தகையே! அழைத்ததும் இம்மேடைக்கு வந்தீர்கள். நோய்நொடி அண்டாமல், நூறாண்டு கடந்தும் நிமிர்ந்து வாழ்வீர்களாக! பூபதி முன்வரிசையில் இருக்கிறார். டம்ளர் மேசைமேல் இருக்கிறது. இம்மடல் முடிந்ததும் நாங்கள் ஒவ்வொருவராய் வந்து தலை குனிவோம். கவிழ்த்துப் பிடியுங்கள். கட்டைவிரலை எடுப்பதும் எடுக்காததும் தங்கள் விருப்பம். முதலில் நிற்கப்போகும் ஜெகதீஷ் துண்டு கொண்டுவந்திருக்கிறார்.

வெட்கத்தோடும் அன்போடும்,
சக ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்,
செஞ்சி.