அவ்லினின் சம்மதம்

— அப்போ என் சம்மதம் வேண்டாம்னு உனக்கு முன்னாடியே தெரியும். அப்படித்தானே ரெனோ?

— தெரியும் புள்ள. போன ஞாயித்துக்கிழமையே பங்குச்சாமி சொன்னார்.

— நான் பைத்தியக்காரி மாதிரி அவர் முன்னாடி போய் நின்னேன்யா. "கட்டினவ சம்மதிக்காம புருஷன் சிலுவைப் போருக்குப் போகக் கூடாதே சாமி, நான் சம்மதிக்கல"ன்னேன். அவர் என் மூஞ்சியைக்கூடப் பார்க்கல. ரோமாபுரியிலேருந்து போப்பாண்டவர் எழுதிட்டாராம். ஜெருசலேமுக்குப் போறவனுக்குப் பொண்டாட்டி உத்தரவு தேவையில்லையாம்.

— ராஜா படைக்குக் கூப்பிட்டா எவன் பொண்டாட்டியைக் கேட்டுட்டுப் போறான்? இது ராஜாவுக்கெல்லாம் ராஜா கூப்பிடுறது புள்ள.

— இது உன் பேச்சா, சாமி சொல்லிக்குடுத்ததா?

— சாமி சொன்னதுதான்.

— அதானே பார்த்தேன். இந்த மார்ன் ஆத்தைத் தாண்டி நீ எங்கய்யா போயிருக்க? கடல் எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா?

— தெரியாது. பிரபுவோட குதிரைங்களைப் பார்த்துக்க ஆள் வேணுமாம். அது எனக்குத் தெரியும்.

— பத்து வருஷம் முன்னாடி நம்ம ஊர்லேருந்து ஏழு பேர் போனாங்க. திரும்பி வந்தது கில்லோம் ஒருத்தன். அவனும் எந்நேரம் எழுந்து ஓட வேண்டியிருக்குமோன்னு இன்னிவரைக்கும் கதவை விரியத் திறந்து போட்டுக்கிட்டுத்தான் சாப்பிடுறான்.

— திரும்பி வரணும்னு நான் போகல அவ்லின்.

— என்னய்யா சொல்ற?

— போப்பாண்டவர் கடுதாசியைப் பூசையில வாசிச்சாங்கல்ல. செஞ்ச பாவத்தைச் சொல்லி மனசாரப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுப் போறவனுக்கு எல்லாப் பாவமும் மன்னிப்பாகும்னு. அதுக்கப்புறம் சாமி வாசிச்சது எதுவும் என் காதுல விழல.

— இசபோவைப் பத்திப் பேசாத.

— ஒரு வருஷமாப் பேசல புள்ள. நீயும் பேசல. "கொஞ்ச நேரம் பார்த்துக்கய்யா"ன்னு அவளை என் பக்கத்துல விட்டுட்டு நீ ஊர் அடுப்புக்கு ரொட்டி சுடப் போன. திராட்சை அறுவடை முடிஞ்ச சந்தோஷத்துல நான் குடிச்சிட்டு வைக்கோல்ல சாஞ்சுட்டேன். கண்ணு முழிச்சா நம்ம பொண்ணைக் காணோம். ஆத்துல…

— போதும்.

— ஒரு கால்லதான் செருப்பு இருந்துச்சு. இன்னொண்ணைத் தேடி அந்தக் கரையில நான் இன்னும் அலைஞ்சிட்டிருக்கேன். உனக்குத் தெரியாது.

— தெரியும். பார்த்திருக்கேன்.

— பார்த்தும் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூட இங்கயே கிடந்திருப்பேன். சூப்பை ஊத்தி வச்சுட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவ. உன்னைத் தப்பு சொல்லல. கொலைகாரனை எவ பார்ப்பா?

— உன் மேல கோபத்துல திருப்பிக்கிட்டேன்னா நினைச்ச?

— வேற எதுக்கு?

— போருக்குப் போறப்போ தோள்ல தைச்சுக்கன்னு கையில வச்சிருக்கிற அந்தத் துணிச் சிலுவையைக் கீழ வை. வை, சொல்றேன். உன்னை நிறுத்த நான் சம்மதிக்காததே போதும்னு நம்பிக்கிட்டிருந்தேன். அதைப் போப்பாண்டவர் செல்லாதுன்னுட்டார். இனிமே என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான் ரெனோ.

— எது புள்ள?

— நீ தூங்கினப்போ அவ நேரா என்கிட்டதான்யா வந்தா. என் கை முழுக்க மாவு. காலைக் கட்டிக்கிட்டு விட மாட்டேன்னா. "போடி, ஆத்துல போய் வாத்தைப் பாரு"ன்னு துரத்தி விட்டது நான்.