குசினிக் குழாயின் மறுமுனை

மீன் கழுவுகிற வீட்டில் சிங்க் அடைக்காமல் இருக்காது. அதற்காக யாரும் பதற வேண்டியதில்லை. முதலில் தண்ணீரைச் சுடவைத்து, அவசரப்படாமல் மூன்று தடவையாக ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகிவிடும். கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். சூரை மீன் கொழுப்பு அதற்கும் அசையாவிட்டால் அப்பச் சோடாவும் தேசிக்காய்ப் புளியும் போடலாம். பிறகு ரப்பர் கிண்ணம் வைத்த தடியால் அமுக்கி இழுக்கலாம். கடைசியாக, கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, சிங்குக்கு அடியில் வளைந்து நிற்கிற துண்டைக் கையாலேயே கழற்றலாம். பத்தில் ஒன்பது அடைப்பு அந்த வளைவுக்குள்தான் இருக்கும். இதற்கெல்லாம் குழாய் திருத்துகிற பைப் பாஸ் தேவையில்லை.

பத்தாவது அடைப்பு குழாயின் மறுமுனையில் இருக்கும். எங்கள் வீட்டில் வந்தது அந்தப் பத்தாவது.

ஐயா, போன வருசம் இந்தப் பொலிஸ் நிலையத்தில், இதே மேசையில் நான் சொன்னதை நீங்கள் சிங்களத்தில் எழுதினீர்கள். வாசித்துக் காட்டினீர்கள். நான் ஓம் என்றேன், கையெழுத்து வைத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முழுவதும் இல்லை. அதனால் இந்தத் தடவை நானே தமிழில் எழுதித் தருகிறேன். நாற்பத்தாறு வயதில்தான் எழுத்துப் படித்தேன். மகள் சொல்லித் தந்தாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் இன்னாசிப்பிள்ளை. ஊர் ஆலங்குடா. வயது அறுபத்து மூன்று. கிணறு வெட்டுவது, தூர் எடுப்பது, குழிக்குக் கொங்கிறீட் வளையம் இறக்குவது என் தொழில். இருபத்தெட்டு வருசம் ஹமீடும் நானும் சோடியாக வேலை செய்தோம். அவர் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்து பாலாவிப் பக்கம் குடியேறியவர். ஒருவர் இறங்கினால் மற்றவர் மேலே கயிறு பிடிப்போம். மூடிக்கிடந்த கிணறோ குழியோ எதுவானாலும் நாங்கள் நேரே இறங்குவதில்லை. அரிக்கன் லாம்பைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி, அதைத்தான் முதலில் இறக்குவோம். லாம்பு அடி வரைக்கும் போய் எரிந்துகொண்டே நின்றால் மனிதனும் இறங்கலாம். நூர்ந்துபோனால் உள்ளே கெட்ட காற்று, அன்றைக்கு வேலை இல்லை. திறந்து காற்றாட விட்டு, மறுநாள் மறுபடியும் இறக்கிப் பார்ப்போம்.

ஒரு தடவை நுரைச்சோலைப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்தில், தோட்டக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பட்டப்பகல்ல லாம்பு என்னத்துக்கு? கெணத்துக்குள்ள பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"ஓம் மொதலாளி," என்றார் ஹமீட். "நல்ல பொண்ணா இருந்தா நீங்களே எறங்கிக் கட்டிக்கங்க."

லாம்பு பத்தாவது அடியில் நூர்ந்தது. தோட்டக்காரர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்தார்.

என் மகள் நிஷாந்தினி இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். அவளுடைய பதினோராவது வயதில் தாய் இறந்துபோனாள். அதற்குப் பிறகு காலையில் லாம்புக்கு எண்ணெய் விட்டு, திரி வெட்டி, கண்ணாடி துடைத்துத் தருவது அவள்தான். மாலையில் நான் திரும்பி வரும்வரை வாசலில் நிற்பாள். நாங்கள் இரண்டு பேரும் இருபது வருசம் அப்படி இருந்தோம். எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

மருமகன் ஜெனிஸ்டன் கெட்ட பொடியன் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். சிலாபத்துப் பக்கம். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. கலியாணம் முடித்து ஒரு வருசத்தில் இத்தாலிக்குப் போய், ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் பீங்கான் கழுவினார். போன வருசம் ஜூலையில் லீவில் வந்தபோது மகளுடைய விசாவுக்கான கடதாசிகளோடு வந்தார். செப்டெம்பர் பத்தாம் திகதி பயணம் என்றார்.

"மாமாவுக்கு நல்ல ஃபோன் ஒண்டு வாங்கித் தாறன். ஒவ்வொரு நாளும் மகளப் பாத்துக் கதைக்கலாம்," என்றார்.

நான் நல்லது என்றேன். மகளிடம் மட்டும் தனியே ஒரு தடவை, போகத்தான் வேணுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "அப்பா, கலியாணம் கட்டி ஆறு வருசம். நான் அவரோட ஒண்டா இருந்தது ஒண்டரை வருசம்," என்றாள். கணக்குச் சரிதான். அவர் திருடவில்லை. கட்டியவர், கூட்டிப்போக உரிமை உள்ளவர். உரிமை உள்ளவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? என் சிக்கல் அதுதான். திருடனாக இருந்திருந்தால் உங்களிடம் வந்திருப்பேன்.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை சிங்க் அடைத்தது. மகள் பாலாவியிலிருந்து பைப் பாசைக் கூப்பிடுவோம் என்றாள். அவர் திங்கட்கிழமைதான் வருவார் என்று நான் சொன்னேன். நான் அவரோடு கதைக்கவே இல்லை.

"இதுக்கெல்லாம் பாசா?" என்று ஜெனிஸ்டன் சாரத்தை மடித்துக் கட்டினார். "நிஷா, உன்ட புருசன் இத்தாலியில என்ன பாப்பரசருக்குப் பூசையா வைக்கிறான்? சிங்கோடதான் சீவியம். தள்ளு பாப்பம்."

"பீங்கான் கழுவ மட்டும் கூப்பிட்டா வர மாட்டீங்க," என்றாள் மகள்.

"அதுக்குச் சம்பளம் தரோணும்."

சுடுதண்ணீர் ஊற்றினார், சோடா போட்டார், ரப்பர் தடியால் அமுக்கினார். வளைந்த துண்டைக் கழற்றினார். அது சுத்தமாக இருந்தது. "இங்க ஒண்டும் இல்ல மாமா," என்றார். அப்போதுதான் நான், அப்படியென்றால் குழிப் பக்கம்தான் என்றேன். வேலை தெரிந்த எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

அது பழைய கக்கூஸ் குழி. புதியது கட்டிய பிறகு குசினித் தண்ணீரை அதற்குள் திருப்பிவிட்டிருந்தேன். நான்கு வளையம், எட்டு அடி. குழாய் மூன்றாம் வளையத்தில் வந்து முடிகிறது. மேலே கொங்கிறீட் மூடி, சுற்றிவரச் சிமெந்து. அலவாங்கால் நெம்பி மூடியைப் புரட்டினோம். ஜெனிஸ்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த நேரம் மகள் லாம்போடு வந்தாள். நான் கேட்கவில்லை. கொளுத்தி, கயிறும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"லாம்பா?" என்றார் ஜெனிஸ்டன். "பகல் பதினொரு மணி. என்ட ஃபோன்ல டோர்ச் இருக்கு."

லாம்பு வெளிச்சத்துக்கு என்று அவர் நினைத்தார். கடற்கரைப் பொடியன், கிணறு தெரியாது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். அது எதற்கென்று நான் அவருக்குச் சொல்வேன் என்று காத்து நின்றாள்.

"காத்துக்கு நூந்துடும் மகள்," என்றேன். "உள்ள கொண்டு போ. குசினியில நில்லு. நான் சொல்லக்குள்ள பைப்பத் தொற."

போய்விட்டாள். என் சொல்லை அவள் தட்டியதில்லை.

இடுப்பில் கயிறு கட்டவா என்று அவரிடம் கேட்டேன். எட்டடிக் குழிக்குக் கயிறா என்றார். நான் கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வளையத்தின் விளிம்புகளில் கால் வைத்து இறங்கினார். ஒரு கையில் ஃபோன். மூன்றாம் வளையத்துக்குக் குனிந்து குழாய் வாயில் கையை விட்டார். "மாமா, இங்க வலை கெடக்கு," என்றார். "வலை எப்பிடி இதுக்குள்ள வந்த?"

அவர் கேட்ட கடைசிக் கேள்வி அது. இரண்டு தடவை மூச்சு எடுத்திருப்பார். முழங்கால் மடிந்து, ஆள் அப்படியே சுவரில் சாய்ந்து, கீழே உட்கார்ந்தார். சத்தம் இல்லை. ஃபோன் ஒரு விளிம்பில் தங்கி நின்றது. லாம்பாக இருந்தால் நூர்ந்திருக்கும். ஃபோன் நூரவில்லை. அந்த வெளிச்சத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தது.

"அப்பா, பைப்பத் தொறக்கவா?" என்று குசினிக்குள்ளிருந்து மகள் கேட்டாள்.

நான் குழிக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பொறு மகள்," என்றேன்.

மூன்றாம் தடவை அவள் கேட்டபோதுதான் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுப் பஸ்தியான் ஓடிவந்து குதிக்கப் போனார். நான் விடவில்லை. மகளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஒருவரையும் இறங்க விடாமல் தடுத்ததால் இன்னொரு உயிர் போகவில்லை என்று உங்கள் அறிக்கையில் என்னைப் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி இருக்கிறது.

ஹமீட் பாலாவியிலிருந்து த்ரீவீலரில் வந்து, குழியைக் காற்றாடவிட்டு, உடலை மேலே எடுத்தார். கை கால் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, "லாம்பு எறக்கலயா இன்னாசி?" என்று மட்டும் கேட்டார். மறந்துபோனேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. வேலைக்கும் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்.

இனி, போன தடவை நீங்கள் கேட்காமல் விட்டது. அந்த வலையை நான்தான் வைத்தேன். ஓகஸ்ட் தொடக்கத்தில் அவர்கள் இரண்டு பேரும் தலவில் கோயில் திருநாளுக்குப் போய், கொட்டில் போட்டு மூன்று நாள் தங்கியிருந்தார்கள். முதல் நாள் மூடியைத் திறந்து வைத்தேன். மறுநாள் லாம்பு இறக்கிப் பார்த்தேன். அடி வரைக்கும் எரிந்தது. இறங்கி, பழைய வலைத் துண்டைச் சுருட்டிக் குழாய் வாய்க்குள் இறுக்கி அடைத்தேன். வலை என்றால் தண்ணீர் போகும், கொழுப்பு மட்டும் தங்கும். மூன்று கிழமையில் இறுகும் என்று பார்த்தேன். இரண்டு நாள் முந்திவிட்டது. மூடியைத் திருப்பிப் போட்டு, காற்றுப் புகாதபடி சுற்றிவரப் புதுச் சிமெந்து பூசினேன். திருநாளுக்குப் போனவர்கள் எனக்கு இனிப்புத் தொதல் வாங்கி வந்தார்கள்.

குழிக்குள் இறங்காமலே அந்த அடைப்பை எடுத்திருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சவ அடக்கத்துக்கு மறுநாள் வீடு நிறைய ஆட்கள், பீங்கான் கோப்பை கழுவ வழியில்லை. நீளத் தடியில் கொளுக்கி கட்டி, மேலே நின்றபடியே வலையை இழுத்து எடுத்தேன். கால் மணித்தியால வேலை.

நான் அவரைத் தள்ளவில்லை. தொடவும் இல்லை. ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான் என்று பல நாள் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆனால் வலை வைத்த கை என்னுடையது. கொலை என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்க மாட்டேன்.

இதைப் பதினொரு மாதம் கழித்து ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். மகள் என்னோடுதான் இருந்தாள். சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள். முதல் மாதம் துக்கம் என்று விட்டேன். பிறகும் என்னோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. போன கிழமை சோற்றை வைத்துவிட்டு நின்றாள்.

"அப்பா, அண்டைக்கு லாம்ப ஏன் திருப்பி அனுப்பினீங்க?"

"காத்து மகள்."

"அண்டைக்குக் காத்தே இல்ல. கொடியில காயப்போட்ட சீல அசையல்ல."

அவள் கோயிலுக்குப் போன நேரம் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பாஸ்போட்டும் குவைத்துக்கு வீட்டு வேலைக்கான கடதாசியும் இருந்தன. பயணம் இந்த மாதம் இருபத்திரண்டாம் திகதி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்கு லாம்பைத் திருப்பி அனுப்பியது தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் இந்த வழக்குக்கு முதல் சாட்சி அவள். கொலை வழக்கில் முக்கியமான சாட்சியை நாட்டை விட்டுப் போக விடமாட்டார்கள் என்று அரசாங்கக் கச்சேரியடியில் கடதாசி எழுதிக் கொடுப்பவர் ஒருவர் சொன்னார். இன்றைக்குப் பதினெட்டாம் திகதி. அவளுடைய பாஸ்போட் இலக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். விமான நிலையத்துக்கு இன்றைக்கே அறிவித்துவிடுங்கள். வழக்கு எத்தனை வருசம் இழுத்தாலும் எனக்கு அவசரமில்லை. வழக்குத் தவணைக்குத் தவணை அவள் புத்தளம் நீதிமன்றத்துக்கு வருவாள். நான் குற்றவாளிக் கூட்டுக்குள் நிற்பேன், அவள் எதிரே நிற்பாள். என் முகத்தைப் பார்க்காமல் அவள் சாட்சி சொல்ல முடியாது.

குவைத்தில் பெண் பிள்ளைகள் படுகிற பாட்டை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். புருசன் இல்லாத பிள்ளையைத் தன்னந்தனியாக அங்கே அனுப்பிவிட்டு இங்கே நிம்மதியாக இருக்க நான் என்ன ஈரமில்லாதவனா, ஐயா.