வெளியே ஒருவர், உள்ளே ஒருவர்

— ஆகவே சகோதரரே, மனித குலம் குகைக்குள் ஒடுங்கிக் கிடந்த காலத்திலேயே நமது கைவிடாச் சகோதரர் சங்கம் தோன்றிவிட்டது. ஏழு கல்தச்சர்கள், ஒரு புயல் நாளில், ஒருவர் கையை ஒருவர் பற்றி…

— போன வாரம் ஒன்பது பேருன்னு படிச்சீங்க, தலைவரே.

— யாரது குறுக்கே பேசுவது?

— வேற யாரு இருக்கா? நான்தான், வாசல் காவல். கதவுக்கு இந்தப் பக்கம்.

— காவலர் காதால் கேட்கலாம், வாயால் கேட்கக் கூடாது. விதி பதினான்கு.

— சரிங்க. ஆனா ஏழா, ஒன்பதா?

— அந்தப் பக்கத்தைப் பூச்சி அரிச்சிருக்கு, ஐயா. ஒவ்வொரு வாரமும் எனக்குத் தோணுனதைப் படிக்கிறேன். எண்ணிக்கையா பாத்துத் தின்னிருக்கு.

— புயல்?

— புயல் முழுசா இருக்கு. சரி, குறுக்கிடாமல் கேளும். நாற்பெரும் ஒழுக்கங்கள். ஒன்று, வாய்மை: சகோதரன் சகோதரனிடம் பொய் சொல்லான். இரண்டு, அடக்கம்!

— அடக்கத்துக்கு மட்டும் எதுக்கு மணியை அந்தப் போடு போடுறீங்க?

— புத்தகத்தில் போட்டிருக்கு. மூன்று, சமத்துவம்: நம்மில் உயர்ந்தவர் தாழ்ந்தவர் இல்லை.

— இதை நீங்க உக்காந்துக்கிட்டுச் சொல்றீங்க, நான் நின்னுக்கிட்டுக் கேக்கிறேன். என் முழங்காலுக்கும் சேத்து ஒரு தடவை சொல்லுங்க.

— நான்கு, அந்நியரை அன்போடு வரவேற்றல். அடிக்குறிப்பு: உறுப்பினர் அல்லாதார் உள்ளே வரக் கூடாது.

— ஆஹா.

— வந்திருப்போர் எத்தனை?

— வெளியே ஒருத்தர். உள்ள?

— முப்பது நாற்காலி. அதில் ஒன்றில் நான். மற்றதில் தூசி. கூட்டம் நிறைவாக இருக்கிறது.

— அப்ப முடிச்சுக்கலாமா? வெளிய இருட்டிக்கிட்டு வருது, மழை போல.

— இல்ல. இன்னிக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. ஈட்டியைச் சாத்தி வச்சிட்டு உள்ள வாங்க.

— என்னது?

— உள்ள வாங்கன்னேன். கதவு திறந்துதான் இருக்கு.

— காவலர் வாசலை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதானே வாராவாரம் படிக்கிறீங்க?

— தலைவர் நாற்காலியை ஒப்படைக்கிற அன்னிக்கு நகரலாம். மக வந்திருக்கா. ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டுப் போறா. அவ வீட்டுல எனக்குன்னு ஒரு அறை ஒதுக்கியிருக்காளாம். ஜன்னல் இருக்குன்னு மூணு தடவை சொல்லிட்டா. வேற சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல போல.

— எப்ப திரும்பி வருவீங்க?

— கடைச் சாவியைக்கூடக் குடுத்தாச்சுங்க.

— கடையா? தலைவருக்கு ஏது கடை?

— அது… பேச்சுக்குச் சொன்னது. ஆக, இனி நீரே தலைவர்.

— நான் உள்ள வந்துட்டா வாசல்ல யாரு நிப்பா?

— யாராச்சும் வருவாங்க.

— பதினோரு வருஷமா வந்தது ஒரே ஒருத்தன், மீட்டர் பாக்கிறவன். அவனையும் உள்ளேருந்து 'வாய்மையைத் தேடி வந்தாயோ?'ன்னு கேட்டீங்க. படிக்கட்டுல செருப்பை விட்டுட்டு ஓடினான்.

— சடங்கு ஒண்ணும் பெரிசில்ல. சங்கத்துல சேர்ந்த அன்னிக்கு உங்க காதுல ஓதின ரகசியச் சொல் இருக்குல்ல, அதை வந்து என் காதுல சொல்லணும். அவ்வளவுதான்.

— முதல்ல நீங்க சொல்லுங்க. சரியான்னு பாத்துக்கிறேன்.

— வெளியிலிருந்து வருபவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

— எந்த விதி?

— பூச்சி அரிச்ச விதி.

— தலைவரே.

— சொல்லும்.

— அந்தச் சொல் எனக்குத் தெரியாது.

— மறந்துவிட்டீரா?

— மறக்கிறதுக்கு யாராவது ஓதியிருக்கணுமே. நான் உறுப்பினரே இல்லைங்க. தச்சன். இந்தக் கதவுக்குக் கீல் மாட்ட வந்தவன்.

— ம்.

— அன்னிக்கு இங்க ஒரு பெரியவர்தான் இருந்தார். 'இந்த ஈட்டியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோப்பா, மாத்திரையை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன், போட்டுக்கிட்டு வந்துடறேன்'னு போனார். வரல. வழியிலேயே உயிர் போயிடுச்சுன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது. ஆனா அவர் போன அரை மணியில நீங்க வந்தீங்க, அங்கியும் முக்காடுமா. கையில ஈட்டியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? ஒரு தட்டுத் தட்டி, குனிஞ்சு வணங்கி, கதவைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்துல உள்ளேருந்து 'யார் அங்கே?'ன்னு கேட்டீங்க.

— நீர் 'சகோதரன்' என்றீர்.

— கதவுல பித்தளைத் தகட்டுல எழுதியிருந்துச்சு. பாத்துப் படிச்சேன்.

— சரி, அன்னிக்கு மாட்டிக்கிட்டீங்க. அடுத்த வாரம் ஏன் வந்தீங்க?

— அது என் வீட்டுக்காரி தவறிப்போன வருஷம். வீட்டுக்குப் போனா நானே பூட்டைத் திறந்து நானே உள்ள போகணும். யாருன்னு கேக்க ஆளில்ல. இங்க வியாழக்கிழமை மூணு மணிக்குத் தட்டினா, ஒரு குரல் கேக்குது.

— அதுக்காகப் பதினோரு வருஷமாப் பொய்யா?

— சகோதரன் சகோதரன்கிட்டதானே பொய் சொல்லக் கூடாது? நான்தான் சகோதரனே இல்லையே. கணக்குப் பாத்தா நான் விதியை மீறவே இல்ல.

— என்ன சத்தம் அது?

— ஈட்டியைச் சுவத்துல சாத்தினேன். முனை ஆடுது, பாத்து எடுங்க. நான் வர்றேன், தலைவரே. முப்பது நாற்காலிக்கு அசல் உறுப்பினர்னு நீங்க ஒருத்தராவது மிஞ்சினீங்க. அதுல போய் நான் உக்காந்தா நல்லாருக்காது.

— நில்லுங்க.

— இல்லைங்க, மழை பிடிச்சுக்கும்.

— நில்லுங்கன்னா நில்லுங்க! படியிறங்காதீங்க. அன்னிக்கு என் முகத்தைப் பாத்தீங்களா?

— எங்க பாத்தேன்? முக்காடு. அப்பவும் மழை வேற. அதுக்கப்புறம் பின்வாசல் வழியா வந்து பின்வாசல் வழியாப் போயிடுவீங்க. தலைவருன்னா அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்.

— அந்த அங்கி யாருதுன்னு நினைச்சீங்க?

— உங்களுது.

— அந்தப் பெரியவரோடது. தோள்பட்டை பிரிஞ்சுபோச்சுன்னு என் தையல் கடையில குடுத்திருந்தார். தச்சதைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். வழியில மழை, நனையாம இருக்கட்டும்னு அதையே போட்டுக்கிட்டேன். படியேறி வந்தா, நீங்க ஈட்டியைத் தட்டிக் குனிஞ்சு வணங்குறீங்க. தையல்காரன்னு எப்படிங்க சொல்வேன்? அதுவரைக்கும் எனக்கு யாரும் கதவு திறந்துவிட்டதில்ல.