சம்பந்தப்பட்ட நபர்

இல்லீங்க, கையெழுத்து போடமாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? கண்ணாடிய எங்கியோ வெச்சுட்டேன், அத்த தேடிக்கினு கீறேன். நீங்க உக்காருங்க ஸஹானா அம்மா. அந்தத் துணியத் தள்ளிட்டு உக்காருங்க, பரவால்ல. யாரோட கல்யாண பிளவுஸோ, கசங்கினா அயர்ன் பண்ணிக்கலாம். நான்கூட நீங்க பிளவுஸ் வாங்கத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன். மேற்கு மாம்பலத்துல இந்த சந்துக்குள்ள பூந்து, மூணு மாடி ஏறி, ஒரு டெய்லரம்மாகிட்ட மனு எடுத்துக்கினு வருவீங்கன்னு கனவா கண்டேன்?

மொதக் கையெழுத்து என்னுதா இருக்கணுமா? அடேங்கப்பா. லாவண்யா அம்மா போட்டா மத்த அம்மாங்கல்லாம் போட்டுருவாங்களா? கிரவுண்டுல எனக்கு இம்மாம் மரியாத கீதுன்னு இத்தினி நாளா தெரியாம போச்சே. காபி எடுத்துக்குங்க, ஆறிடும். லாவண்யாதான் போட்டா. ஆமாங்க, வீட்லதான் கீறா. கால் வலி. ரெண்டு மாசமா அதே கால் வலிதான்.

ஆங், கெடச்சிடுச்சு. தலைமேலயே கீது பாருங்க. குடுங்க அந்தப் பேப்பர.

பெண் பிள்ளைகளுக்கு நியாயம் வேண்டி. தலைப்பே கண்ணுல தண்ணி வரவெக்குதுங்க. மாநிலப் போட்டிக்காக எட்டு பேருக்கு எடுத்த பாலினப் பரிசோதனையில் ஒருவர் தேறவில்லை என்று தெரிய வருகிறது. சங்கம் பெயரை மறைக்கிறது. ஆகவே சம்பந்தப்பட்ட நபரை உடனே மைதானத்தை விட்டு நீக்க வேண்டும். நபர்! சோக்கான வார்த்தங்க. பொண்ணுன்னும் சொல்ல வேணாம், பையன்னும் சொல்ல வேணாம். ரேஷன் கடையில எத்தினி நபர்னு கேப்பாங்க பாருங்க, அந்த மாதிரி.

யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? யாரு, சிந்தாதிரிப்பேட்டை கயலா? பாத்தாலே தெரியுதா? இன்னா கண்ணுங்க உங்களுக்கு! கன்னத்துக்குள்ள பஞ்சுக் குச்சி வுட்டு எடுத்து, லேபுக்கு அனுப்பி, மூணு வாரம் காத்துக்கினு இருந்தாங்களே, உங்களக் கூட்டிக்கினு போயி கேலரில உக்கார வெச்சிருந்தா ஒரே நாள்ல வேல முடிஞ்சிருக்கும்.

கிராப்பு வெட்டிக்கினு கீது, மேலுதட்டுல லேசா மீசை கீது, குரலு கட்டக் குரலு. வாஸ்தவம். அவங்கப்பா மீன் மார்க்கெட்ல பெட்டி தூக்கறாரு. அதுவும் காலைல அவரு கூட நின்னு தூக்கிட்டுத்தான் கிரவுண்டுக்கு வருது. தோள் அகலமா இல்லாம வேற எப்டி இருக்கும்?

அய்ய, கோவம்லாம் இல்லீங்க. உங்களப் போயி சொல்வேனா. நானே அப்டித்தான பாத்தேன். போன வருஷம் எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஜெர்சி தைக்க நான்தான அளவு எடுத்தேன். கயலுக்குத் தோள் பதினாறரை இன்ச்சு. எம் பொண்ணுக்கு பதினாலு, அச்சு அசல் லேடீஸ் அளவு. ஒடனே எனக்குள்ள ஒரு விஞ்ஞானி முழிச்சுக்கினா. இருவது வருஷமா கழுத்துல டேப்ப மாட்டிக்கினு கீறேன், எது பொம்பள ஒடம்பு எது ஆம்பள ஒடம்புன்னு எனக்குத் தெரியாதா? நானூறு மீட்டர்ல கயலு மொதல்ல வருது, எம் பொண்ணு எப்பப் பாத்தாலும் ரெண்டாவது வருது. அப்ப டேப்பு சொல்றதுதான கரெக்ட்டு?

உங்களுக்குத் தெரியாதா? போன வருஷ மனு நான் எழுதினதுங்க. சந்தேகமா இருந்தா உங்க பேப்பர்லயே ரெண்டாவது பாராவப் பாருங்க. ஓட்டப்பந்தையம். த போடற எடத்துல தை போட்டிருக்கு. நான் எட்டாவதுதான் படிச்சேன். தையல் கடை, தையல் கூலின்னு எழுதி எழுதி, கை பந்தயத்தையும் தைச்சுடுச்சு. அத்த யாரோ வாட்ஸப்ல போட்டு, நீங்க அத்தப் பாத்து டைப் அடிச்சு, இப்ப என் தப்பு என் மடிலயே வந்து குந்திக்கினு கீது.

பதினாறரை இன்ச்ச ஆதாரம்னு அதுல எழுதினேங்க. சிரிக்காதீங்க. சங்கத்துல சொன்னாங்க, ஒருத்திய மட்டும் தனியா டெஸ்ட் பண்ண முடியாதும்மா, பண்ணா எட்டு பேருக்கும் பண்ணணும்னு. தாராளமா பண்ணுங்க, எம் பொண்ணுக்கு வேணா ரெண்டு தடவ பண்ணுங்கன்னு நெஞ்ச நிமித்திக்கினு சொல்லிட்டு வந்தேன்.

கயலு பாஸுங்க.

அய்யோ, சேலைல காபி சிந்திடுச்சே. இந்தாங்க துணி. நெஜமாத்தான் சொல்றேன், பாஸு. அந்த ரிசல்ட் பேப்பர நானே பாத்தேன். கயலே அத்த எடுத்துக்கினு இங்க வந்துச்சுங்க. நீங்க உக்காந்துக்கினு கீறீங்களே, அதே ஸ்டூல்லதான் உக்காந்துச்சு. கோச்சு ராஜரத்தினம் சாரே சொல்லிட்டாரு, அத்த எல்லாருக்கும் காட்டிடும்மா, வாய மூடிக்கினு போவாங்கன்னு. காட்டல. ஏன்னு கேட்டேன். நான் காட்டிட்டா அப்பால மிச்சம் ஏழு பேர நிக்க வெச்சு ஒண்ணொண்ணா எண்ணுவாங்க ஆன்ட்டி, என்னையே நெனச்சுக்கினு போவட்டும், எனக்கு இது பழகிடுச்சுன்னுச்சு. எனக்கு வந்த வெக்கம் கீதே, என் ஜென்மத்துக்கும் போதும். ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட கை வரல.

அதுக்காக நியாயம் வேணாம்னு சொல்லலீங்க. பொண்ணுங்களுக்குன்னு தனியா ஒரு ஓட்டம் வேணும், அதுக்கு எங்கியோ ஒரு கோடு போட்டுத்தான் ஆவணும். அத்த நான் டேப்பால போட்டேன், நீங்க கண்ணாலயே போடறீங்க. உங்களுக்கும் வேற ஒண்ணும் ஆச இல்ல பாவம். ஸஹானா ஒம்பதாவதா நிக்குது, ஒருத்தி போனா ஒரு எடம் காலி. அதுவும் நியாயம்தான்.

அப்ப யாருன்னா கேக்கறீங்க? நல்ல அழகான பொண்ணுங்க. நீட்டு ஜடை, காதுல ஜிமிக்கி, ஓடறப்பகூட கழட்டாது. பதினெட்டு ஆவப்போவுது, இன்னும் வயசுக்கு வரல. ஓடற பொண்ணுங்களுக்கு லேட்டாத்தான் ஆவும்னு யாரோ சொன்னத அவங்கம்மா கெட்டியா புடிச்சுக்கிச்சு. சொந்தக்காரங்க கேட்டா அதையே பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சுது. டெஸ்ட்டுக்கு அப்பால டாக்டரம்மா சொன்னாங்க, கர்ப்பப்பையே இல்லையாம். ரத்தத்துல ஆம்பள ஹார்மோன் கீதாம், ஆனா ஒடம்பு அத்த சீந்தறதே இல்லையாம். அதால ஓட்டத்துக்கு ஒரு லாபமும் இல்ல. அது ஓடினதெல்லாம் அதோட சொந்த ஓட்டம்தாங்க. இன்னும் நாலு டெஸ்ட்டு எடுத்து அத்த நிரூபிச்சா திரும்ப ஓட வுடுவாங்களாம். அதுவரைக்கும் கிரவுண்டுல பிராக்டீஸ் மட்டும் பண்ணலாம். நாளைலேர்ந்து வா, ஜோடியா ஓட எனக்கு ஆள் இல்லன்னு கயலுதான் கூப்புட்டுக்கினு கீது. உங்க மனு அத்தையும் நிறுத்தச் சொல்லுது.

பெத்தவளுக்குக்கூடவா தெரியலன்றீங்க? எப்டித் தெரியும்? அவதான் ஊரான் பொண்ணு தோள அளந்துக்கினு இருந்தாளே.

மெதுவாலாம் பேச வேணாங்க. உள்ள கேட்டுக்கினுதான் கீது. கயல எதுனா சொல்லிக்கினு இனிமே யாராவது வந்தா, என் பேரச் சொல்லிடும்மான்னு காலைல அதுவேதான் சொல்லுச்சு.

அந்தப் பேனாவ இப்டிக் குடுங்க. கையெழுத்துக்கு இல்ல, இந்த தைய அடிச்சு த ஆக்கிடறேன். இன்னும் நாலு வீட்டுக்கு எடுத்துக்கினு போறதுன்னா தப்பில்லாம போவட்டும். பேரு தெரியலன்னு போட்டிருக்கீங்களே, அதையும் எழுதிக் குடுத்துடறேன்.

காபி எப்டிங்க இருந்துச்சு? சர்க்கர கரெக்ட்டா கீதா? சம்பந்தப்பட்ட நபர் போட்டதுங்க.