மின்விசிறி நின்றால் தெரியும் பெயர்

— ஒரே ஒரு நாள் அண்ணே. நாளைக்கு வந்து கழட்டிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— நேத்தும் இதைத்தாம்மா சொன்னீங்க. வார்டுல இருந்த ஃபேன் எல்லாம் இறக்கியாச்சு, இந்த ஒண்ணுதான் பாக்கி. சாயங்காலம் ஏசி பெட்டி வந்து எறங்கினா இன்சார்ஜ் அம்மா என்னைத்தான் கடிச்சுக் குதறுவாங்க.

— ஏசி வந்தா வரட்டும். இதுவும் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. என்ன சோறா கேக்குது?

— கரண்டு கேக்கும்ல தங்கச்சி. உங்க கட்டிலைக் கொஞ்சம் தள்ளி உருட்டிட்டேன், எதுவும் மேல விழாது. ஆனா தூசி கண்ணுல அடிக்கும். இந்தாங்க துண்டு, மூஞ்சிய மூடிக்கோங்க.

— மாட்டேன். மூடினா தெரியாது.

— எது தெரியாது?

— ஃபேன்ல எழுதியிருக்குற பேரு. நீங்க ஃபியூஸைப் புடுங்கினதாலதான் இன்னைக்குத் தெரியுது. சுத்துறப்போ வெறும் வட்டம்தான். கொஞ்சங்கொஞ்சமா வேகம் குறைஞ்சு, வட்டம் கலைஞ்சு, மூணு இறக்கையும் தனித்தனியாகி... அப்புறம் அந்த எழுத்து மெதுவா வந்து நிக்கும். அரைத்தூக்கத்துல யாரோ வந்து பக்கத்துல உட்கார்ற மாதிரி இருக்கும்.

— நல்லா கனவு காண்றீங்க போங்க. என்ன பேரு? மேல நிக்கிறவனுக்கு இறக்கையோட முதுகுதான் தெரியுது.

— சத்தமா சொல்ல மாட்டேன். உள்ள இருக்கவன் கேட்டுட்டா அதுதான் தன் பேருன்னு முடிவு பண்ணிருவான்.

— பையன்தான்னு யார் சொன்னா?

— யாரும் சொல்லல. நான் மனசுக்குள்ள இந்தப் பேரைப் படிக்கிறப்போ ஒரு உதை விழுது. பொண்ணா இருந்தா ஆம்பளப் பேருக்கு எதுக்கு உதைக்கப் போறா?

— பிடிக்காமயும் உதைக்கலாமே.

— போங்கண்ணே... சிரிப்பு காட்டாதீங்க, டாக்டரம்மா அசையவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை... ரெண்டும் தங்கல. அப்போ நானும் அவரும் பேரெல்லாம் பேசிப் பேசிச் சண்டைகூடப் போட்டோம். இந்தத் தடவை அந்தப் பேச்சே எடுக்கல. வந்து படுத்தேன், கரண்ட் போச்சு, அண்ணாந்து பார்த்தேன், அதுவா வந்து நின்னுச்சு. நாங்க தேடாத பேரு. அதனால இவன் கைவிட்டுப் போக மாட்டான்னு ஒரு எண்ணம். பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியுது. ஆனா பயமா இருக்குண்ணே. நீங்க அந்த ஸ்க்ரூவுல கை வைக்கிறப்போ எனக்கு வயித்துல கை வச்ச மாதிரி இருக்கு.

— சரி சரி, அழாதீங்க. கை வைக்கல. மேல கொக்கிய மட்டும் பார்க்குறேன், துரு ஏறிக் கெடக்கு. அது வரைக்கும் படுத்துப் படிங்க.

— உங்க பேர் என்னண்ணே?

— ஒயர்மேன்.

— அது வேலை.

— என் பேரும் அதுதான்னு வச்சுக்கோங்க. நெசப் பேரைச் சொன்னா எல்லாரும் “என்னது?”ம்பாங்க. திரும்பச் சொன்னா “எந்த ஊர்ப் பேரு அது?”ம்பாங்க. பள்ளிக்கூடத்துல இருந்து ரேஷன் கடை வரைக்கும் இதே ரோதனை. அதான் விட்டுட்டேன்.

— அட, யாரு ஏணி மேல ஆந்தை மாதிரி? இன்னும் முடியலையா தம்பி? தாயி, நீ தூங்கலையா? இந்தா, கஞ்சியைக் குடி.

— வாங்க ஆயாம்மா. நீங்களே சொல்லுங்க இவருக்கு. இந்த ஃபேனைக் கழட்ட வேணாம்னு.

— நான் எதுக்கு வம்பு! எனக்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, அது ஃபேன் இல்ல. எத்தனை புள்ளைக்குப் பேர் வச்சிருக்குன்னு தெரியுமா?

— ஃபேன் பேர் வைக்குதா? எனக்குக் காது குத்திப் பல வருஷமாச்சு ஆயாம்மா.

— நான் என்ன பொய்யா சொல்றேன்? அப்போ எல்லாம் கரண்டு இருந்த நேரத்தை விட இல்லாத நேரந்தான் அதிகம். ஃபேன் நின்னுரும். வலியில துடிக்கிற பொண்ணு அண்ணாந்துதானே கெடப்பா? அவ கண்ணுக்கு இந்தப் பேரு. எங்கயும் கேட்டிருக்க மாட்டா. வாயில சொல்லிப் பார்ப்பா, தேன் மாதிரி இறங்கும். ஆம்பளப் புள்ள பொறந்தா அதையே வச்சுருவா. இந்த ஜன்னல் பக்கக் கட்டிலுக்கு அப்படி ஒரு அடிதடி! பொண்ணு பெத்தவளுங்க எல்லாம், “ஏன் ஆயாம்மா, பொட்டப்புள்ளைக்கு ஒரு பேர் எழுதின ஃபேன் இல்லையா?”ன்னு என்கிட்ட மல்லுக்கு நிப்பாளுங்க.

— நெசமாவா? அத்தனை பேரா?

— தடுப்பூசிக்கு ஒரு தடவை கூப்பிட்டா பாதி வராந்தா எழுந்து வரும் கண்ணு! நர்ஸம்மா தலையில அடிச்சுக்குவாங்க. ஒரு புருஷன்காரன் வந்தான் பாரு, மீசையை முறுக்கிக்கிட்டு. “என் பொண்டாட்டியும் அந்தப் பேர்தாங்கறா, பக்கத்து வீட்டுக்காரியும் அதே பேர்தாங்கறா. யாரு அவன்? மரியாதையா வெளிய வரச் சொல்லு”ன்னு கத்துறான். நான் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து, “அந்தா தொங்குறான் பாரு, இறக்கி வச்சு அடி”ன்னு காட்டினேன். மனுசன் வாயில ஈ போறது தெரியாம நின்னான்.

— ஐயோ ஆயாம்மா, சிரிச்சா வயிறு இழுக்குது...

— சிரிக்காத, கஞ்சியைக் குடி. அப்புறம் ஜெனரேட்டர் வந்துச்சு. கரண்டு போனாலும் ஃபேன் நிக்கல. ஃபேன் நிக்கலன்னா பேர் ஏது? அப்படியே அத்துப் போச்சு. இப்போ போன மாசம் ஜெனரேட்டர் கெட்டுக் கெடந்துச்சுல்ல, அந்த நாலு நாள்ல உன் கண்ணுல பட்டிருக்கு. கடைசிக்கு நீ ஒருத்திதான்.

— பாவம் அந்தப் பேரு. யாராவது அண்ணாந்து பார்ப்பாங்களான்னு இத்தனை வருஷம் சுத்திக்கிட்டே இருந்திருக்கு.

— என்ன பாவம்? ஃபேன் கம்பெனி மொதலாளி பேரு கண்ணு அது. அவனுக்குக் கொடுத்து வச்சிருக்கு, காசு செலவில்லாம ஊர் பூரா புள்ளைங்க. ஏன் தம்பி, எறங்குறியா? ஏணியைப் புடிக்கவா?

— அண்ணே? ஏன் பாதி ஏணியில நின்னுட்டீங்க? ஏன் இறக்கைக்கு அடியில உத்துப் பார்க்குறீங்க? துடைக்காதீங்கண்ணே, அழிஞ்சுரப் போகுது!

— அழியாது.

— என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?

— இது... இது என் பேரு ஆயாம்மா.

— எது?

— இதுதான். இதே பேருதான். என் லைசென்ஸைப் பாருங்க.

— அட, ஆமா! தாயி, இவனும் நம்ம ஃபேன் புள்ள! இந்த வார்டுல பொறந்தவனா நீ? சொல்லவே இல்லையே!

— இந்த ஊர்ல பொறந்தேன்னு மட்டும் தெரியும். கைப்புள்ளையா இருந்தப்பவே அம்மா தூக்கிட்டுப் போயிருச்சு. வேலைக்குன்னு போன வருஷம்தான் திரும்பி வந்தேன். கம்பெனி பேரா? இதுக்காகவா...

— இதுல என்னண்ணே இருக்கு? அழகான பேருதானே. நான் ஒத்தக்கால்ல நிக்கிறேன் பாருங்க அதுக்கு.

— உங்களுக்குத் தெரியாது தங்கச்சி. நான் வயித்துல இருக்கும்போதே எங்கப்பா போய்ட்டாரு, வேலை பார்க்குற எடத்துல விழுந்து. ஒரு போட்டோ கிடையாது. அவர் மூஞ்சி எப்படின்னு நான் கண்ணாடியிலதான் தேடிப் பார்த்திருக்கேன். பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்றாங்க, பேரை மாத்துன்னு அம்மாகிட்ட அழுவேன். அது மட்டும் முடியாதும்பா. “அது உங்கப்பா வச்ச பேரு. வச்சுட்டுப் போயிருக்காரு, மாத்த எனக்கு உரிமை இல்ல”ம்பா. செத்தவர் எப்படி வைப்பாருன்னு கேட்டா, “பெரியவனாகு, கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்”ம்பா. கல்லறையைக் காட்டப் போறான்னு நினைச்சேன். அதுக்குள்ள அவளும் போய்ச் சேர்ந்துட்டா. அப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்னு நான் இத்தனை நாள் சுமந்துக்கிட்டுத் திரியறேன். கடைசியில பார்த்தா... விளம்பரம்!

— உன்னைத் தேத்தத்தான் தம்பி சொல்லியிருப்பா.

— தேத்தினது போதும். தள்ளுங்க, கழட்டிடறேன்.

— அண்ணே, வேணாம். கோவத்துல ஏறாதீங்க. ஆயாம்மா, ஏணியைப் புடிங்க!

— புடிச்சுட்டேன், புடிச்சுட்டேன். இவன் ஏறுறதை என்னால பார்க்க முடியல, கண்ணை மூடிக்கிறேன்.

— எங்கம்மாவும் இப்படித்தான். நான் ஸ்டூல் மேல ஏறினாக்கூடக் கண்ணை மூடிக்குவா.

— அண்ணே, அந்த இறக்கையை மட்டும் என்கிட்ட குடுத்துருங்க. தலைமாட்டுல வச்சுக்கறேன்.

— எல்லாத்தையும் எடுத்துக்கோங்க... ம்ம்?

— என்னண்ணே?

— மோட்டார்ல கம்பெனி பேர் அச்சடிச்சிருக்கு. வேற பேரு. பூரா வேற.

— அப்போ இறக்கையில இருக்கிறது?

— மத்த ரெண்டு இறக்கையும் வெறுமையாத்தான் இருக்கு.

— அதைத்தான் நான் தினமும் யோசிப்பேன் அண்ணே! கம்பெனிக்காரன்னா மூணுலயும் போட்டிருக்கணும்ல? அதுவும் கடைசி எழுத்துக்குக் கீழ ஒரு வால் சுழிச்சு விட்டிருக்கு பாருங்க, எலிக்குட்டி வால் மாதிரி. எந்தக் கம்பெனி அப்படி விளையாடும்?

— அச்சு இல்ல இது. கையால எழுதினது. பிரஷ் முடி ஒண்ணு பெயிண்டுலயே ஒட்டிக் காஞ்சிருக்கு.

— என் தலைக்கு மேல சுவத்துல கட்டில் நம்பர் இருக்கு, பாருங்க. அதுலயும் இதே வால்.

— ஆயாம்மா, இந்த நம்பர் எழுதினது யாரு?

— அது கெடக்கு ஆதி காலத்துல. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு பெயிண்டர் வந்தான், வார்டு பூரா பச்சை அடிச்சு நம்பர் போட்டான். வாய் ஓயாத பய. பொண்டாட்டி முழுகாம இருக்கான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். “எந்தக் கட்டில் ஆயாம்மா அவளுக்குக் குடுப்பே, எந்தக் கட்டில்?”னு கேட்டுக் கேட்டு உசுரை எடுத்துட்டான். தொல்லை தாங்காம, ஜன்னல் பக்கம் தர்றேன் போடான்னேன். வேலை முடிஞ்ச அன்னைக்கு இந்த எடத்துலதான் ஏணி போட்டு நின்னுக்கிட்டிருந்தான், ஃபேனுக்குத் தூசி தட்டுறேன்னு. அடுத்த வாரம் தண்ணி டேங்குக்குப் பெயிண்ட் அடிக்க ஏறினவன்... ஏறினவன்தான்.

— டேங்குல இருந்து விழுந்துட்டாரா?

— அண்ணே, கெட்டியா புடிச்சுக்கோங்க. எறங்கிருங்க. மெதுவா.

— எறங்கல தங்கச்சி. ஸ்க்ரூவைத் திரும்ப முறுக்கிட்டிருக்கேன். இந்த ஃபேனைக் கழட்ட முடியாது, கொக்கி துருப்பிடிச்சு இறுகிப் போச்சுன்னு இன்சார்ஜ் அம்மாகிட்ட சொல்லிடறேன். நீங்க படிங்க. அவனுக்கு இப்போ சத்தமாவே படிச்சுக் காட்டுங்க.

— உதைக்கிறான் அண்ணே... ஆயாம்மா, அந்தப் பெயிண்டர் சம்சாரம் என்ன ஆனாங்க?

— சொன்ன வாக்குக்கு இந்தக் கட்டிலைத்தான் குடுத்தேன். வந்த நாள்ல இருந்து அழுகையும் இல்ல, பேச்சும் இல்ல, கல்லு மாதிரி மேலயே பார்த்துக்கிட்டுக் கெடந்தா. ஒரு மத்தியானம் கரண்ட் போச்சு, ஃபேன் நின்னுச்சு. திடீர்னு ஒரே சிரிப்பு, கண்ணுல தண்ணி தண்ணியா ஊத்துது. என் கையைப் புடிச்சுக்கிட்டு, “வச்சுட்டுத்தான் போயிருக்காரு ஆயாம்மா, வச்சுட்டுத்தான் போயிருக்காரு”ங்கறா. சல்லிக்காசு வைக்காம போனவன் என்னத்தடி வச்சுட்டுப் போனான், இவளுக்குப் புத்திதான் பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சுட்டேன் தம்பி.