பக்கத்துக் கட்டிலின் நேர்ச்சை

இந்த விழா மேடையைத் தம் பொறுமையால் தாங்கிக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், அருட்தந்தை அவெலினோ அடிகளே! ஊர்வலக் குழுவின் ஓயாத உழைப்பாளிகளே! இந்த ஆற்றங்கரைப் பேட்டையை அடித்தும் அணைத்தும் வளர்த்த பெரியவர்களே! திருநாள் விருந்துக்காக நாள் கணக்கில் மரவள்ளி இலையை வேகவைத்துவிட்டு, கண்ணெரிச்சலோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வரும் ஞாயிறன்று நாசரேத் மாதாவின் வடம் பிடிக்க வெறுங்காலோடு வரப்போகும் வீரத் தோள்களே! நம் பெலேம் நகரச் சந்தை முனையில் தக்காக்கா சூப்பு விற்கும் ஜுரேமா பந்தோஜாவாகிய நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

சூப்பு எங்கே என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. தம்பி, இன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. இன்று கொதிப்பது நான் மட்டும்தான்.

சாட்சி சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். நோய் வந்தது என்று சொல். மாதா தீர்த்தாள் என்று சொல். நெஞ்சு நிறைந்தது என்று சொல்லி இறங்கு. இதுதான் எனக்கு இட்ட கட்டளை. முதல் இரண்டையும் சொல்லிவிடுவேன். நிறையாத நெஞ்சை நிறைந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்?

நோய் வந்தது. ஆம், இரத்தப் புற்று. ஊருக்கெல்லாம் சூப்பு ஊற்றிய கை ஒரு கரண்டியைத் தூக்க முடியாமல் துவண்டது. தலைமுடி தலையணையில் தங்கியது. மகள் வந்து அழுதாள். மருமகன் அழுவதுபோல் வந்து நின்றான். சிரிக்காதீர்கள், அவன் முன்வரிசையில்தான் இருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் ஒசெனீரா. தீவுக்காரி. சரக்குப் படகில் சமையல்காரி. எனக்கு வந்த அதே நோய் அவளுக்கு. எனக்கு ஏறிய அதே மருந்து அவளுக்கு. வாய் மட்டும் என்னைவிட நீளம். ஆஸ்பத்திரிக் கஞ்சி வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

“ஏய் சூப்புக்காரி, இத வித்தா உன் கடைக்குக் கூட்டம் வருமாடி?”

“வரும். என்னை அடிக்க வரும்.”

“அப்ப தின்னுத் தொலைக்காத. நான் வீட்டுக்குப் போனதும் மீன் பொரிச்சு அனுப்புறேன். அதுவரைக்கும் சாகாம கெட.”

இருவரும் மாதாவுக்கு நேர்ந்துகொண்டோம். என்னுடையது எளிய நேர்ச்சை: பிழைத்தால், நோய்ப்பட்ட உறுப்பை மெழுகில் வாங்கித் தலையில் சுமந்து ஊர்வலம் வருவேன். அவளுடையது கடினம்: பிழைத்தால், வெறுங்காலோடு வடம் பிடிப்பேன், பேராலயத்தில் பிடித்த பிடியை மாதா கோயில் வாசல்வரை விடமாட்டேன்.

யாருடைய நேர்ச்சை பெரியது? அவளுடையது! யாருடைய செபமாலை தேய்ந்தது? அவளுடையது! யார் வீடு திரும்பினாள்? நான்! மழை கொட்டிய ஒரு மதியம், அவளுடைய கட்டிலைத் துடைத்து, புது விரிப்பு விரித்து, வேறொருத்தியைப் படுக்கவைத்தார்கள்.

நான் வீடு வந்ததும் தெருவே திரண்டு வந்தது. “மாதா உன்னத் தேர்ந்தெடுத்திருக்கா ஜுரேமா. உனக்குன்னு ஏதோ வேலை வெச்சிருக்கா” என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் அவையோரே, கேட்கிறேன்: என்னைத் தேர்ந்தெடுத்தாள் என்றால் ஒசெனீராவைத் தள்ளிவிட்டாள் என்றுதானே பொருள்? இரண்டு கட்டிலைப் பார்த்து, இவள் இருக்கட்டும், அவள் போகட்டும் என்று பிரிக்கிறவளைத் தாய் என்று அழைக்க என் நாக்கு எழுமா?

அருட்தந்தையே, நாற்காலி நுனிக்கு வராதீர்கள். நான் கோயிலை விட்டுப் போகவில்லை. வாசலில் நின்று கத்துகிறேன், அவ்வளவுதான்.

பிழைத்தவளுக்கு அமைதி வரும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது அலைச்சல்! தியான இல்லத்துக்குப் போனேன், பாதியில் எழுந்து வந்தேன். பறை கொட்டி அருள் வாக்குச் சொல்லும் வீட்டுக்குப் போனேன். எனக்கு மட்டும் வாக்கு வரவில்லை. மூச்சுப் பயிற்சி வகுப்பில் மகள் சேர்த்துவிட்டாள். கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினேன், ஒசெனீரா தெரிந்தாள். திறந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சரி, நேர்ச்சையையாவது செலுத்துவோம் என்று மெழுகுக் கடைக்குப் போனேன். தலை இருக்கிறது, கை இருக்கிறது, கால் இருக்கிறது, வீடு கேட்டு நேர்ந்தவர்களுக்கு மெழுகு வீடுகூட இருக்கிறது.

“எந்த உறுப்புக்கா?” என்றான் கடைக்காரன்.

“ரத்தம்.”

தலையைச் சொறிந்தான். “ரத்தத்துக்கு அச்சு இல்லையேக்கா. இருதயம் எடுத்துக்குங்க. அங்கதான ஓடுது.”

“என் இருதயத்துக்கு ஒரு கேடும் இல்ல.”

“அப்ப முழு ஆளா எடுத்துக்குங்க. உங்கள மாதிரி இருக்காது, கொஞ்சம் ஒல்லியா இருக்கும்.”

வெறுங்கையோடு தெருவில் நின்றேன். அப்போதுதான் உறைத்தது: வடம் பிடிக்க வெறுங்கைதானே வேண்டும்? என் நேர்ச்சைக்கு உருவம் இல்லை. உருவமுள்ள அவளுடைய நேர்ச்சைக்கு ஆள் இல்லை. அதை நான் செலுத்தினால் என்ன? உறவைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று தீவுப் படகில் ஏறினேன்.

ஒசெனீராவின் கணவர் தேவுசாரினோ, தம் வீட்டுப் படித்துறையில் உட்கார்ந்து இறால் கூடை முடைந்துகொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“கேட்டது கெடைச்சவங்கதான் நேர்ச்சை செலுத்தணும். என் பொண்டாட்டிக்கு என்ன கெடைச்சுது? போயிட்டு வாங்கம்மா.”

“அவ ரொம்ப ஆசப்பட்டாண்ணே.”

“அவ ஆசப்பட்டது உசுருக்கு. கயித்துக்கு இல்ல.”

நான் நகரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். “உண்மையச் சொல்லுங்க. அவளுக்காகவா வந்தீங்க, இல்ல உங்களுக்குத் தூக்கம் வரணும்னு வந்தீங்களா?”

சபையோரே, பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. “எனக்காகத்தாண்ணே” என்றேன்.

அந்தப் பதிலுக்குத்தான் பிரம்பைக் கீழே வைத்தார். உட்காரச் சொன்னார். பிறகு கேட்டார்: “கடைசியில அவ என்னதாம்மா பேசுனா? யாரும் சொல்லல. நான் படகு புடிச்சு வர்றதுக்குள்ள பெட்டிய மூடிட்டாங்க.”

சொன்னேன். கஞ்சியைத் திட்டியதைச் சொன்னேன். மருத்துவர்களுக்கெல்லாம் மீன் பெயர் வைத்ததைச் சொன்னேன். எனக்குக் காய்ச்சல் ஏறிய நாளில், தன் மருந்துக் குழாயையும் இழுத்துக்கொண்டு வந்து என் காலைப் பிடித்துவிட்டதைச் சொன்னேன். “அந்த மனுசன் இறால் கூடைய வெயில்லயே போட்டுருவான், பிரம்பு வெடிச்சிரும், சொன்னாக் கேக்க மாட்டான்” என்று அவள் புலம்பியதையும் சொன்னேன்.

அவர் எழுந்தார். முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த கூடைகளை ஒவ்வொன்றாக நிழலுக்கு நகர்த்தினார். அதன் பிறகுதான் அழுதார்.

தாய்மார்களே! ஒசெனீராவின் கடைசிச் சிரிப்பு எங்கே இருந்தது? அவள் கல்லறையில் இருந்ததா? மருத்துவமனையில் இருந்ததா? என்னிடம் இருந்தது! அவள் வீட்டுக்குப் போக வேண்டியதை என் மடியில் முடிந்துகொண்டு, எதற்குப் பிழைத்தேன் எதற்குப் பிழைத்தேன் என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்திருக்கிறேன்!

இதற்காகத்தான் பிழைத்தேனா? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிறவர்களைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் கடை இல்லாத நாளில் அதே வார்டுக்குப் போகிறேன். உறவினர் வந்துசேர முடியாத கட்டில்களின் ஓரம் உட்கார்கிறேன். அவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். படகேறி உரிய வீட்டில் சேர்க்கிறேன். இன்னும் தூக்கம் வரவில்லை. இப்போதெல்லாம் அது வரவேண்டும் என்று நான் வேண்டுவதும் இல்லை.

அன்று என்னைப் படகேற்றிவிடும்போது தேவுசாரினோ சொன்னார்: “கயித்தப் புடிங்க. ஆனா அவ பேரச் சொல்லி நன்றின்னு மட்டும் சொல்லிராதீங்க. ஏன்னு கேளுங்க.” கேட்பேன்! வடத்தைப் பிடித்துக் கேட்பேன்! வியர்வை வழியக் கேட்பேன்! விரல் நசுங்கக் கேட்பேன்! நன்றி சொல்ல வருகிறவர்கள் இழுக்கும் அதே வடத்தை, கேள்வி கேட்க வருகிறவளும் இழுப்பாள். கேள்வி கேட்கிற கை இழுத்தால் மாதாவின் தேர் நகராதா என்ன?

இன்று மாலைப் படகில் ஒருவர் வந்து இறங்கினார். மனைவி போனதிலிருந்து கோயில் படியை மிதியாதவர். அதோ, வேலியோரம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “என்னண்ணே, கோயில் பக்கம்?” என்றேன். “கோயிலுக்கு வரல. கயிறு தெருவுலதான இருக்கு?” என்றார்.

வடம் பிடிக்கும் தோள்களே, உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். ஞாயிறு காலை நெரிசல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூச்சுவிட இடம் இருக்காது. ஆனாலும் எனக்கும் தேவுசாரினோவுக்கும் நடுவே ஓர் ஆள் பிடிக்கும் அளவு வடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

மாதாவிடம் என்னால் இன்னும் சொல்ல முடியாத சொல்லை, இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்ட உங்களிடம் சொல்கிறேன். நன்றி. ஊர்வலத் திருநாள் வாழ்த்துகள். வணக்கம்.