சீனாப் பண்டு

தப்பா எடுத்துக்காத தம்பி, உன் போன எட்டிப் பாக்கணும்னு பாக்கல. பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கறேன், கண்ணு தானா போவுது. அந்தக் கோடு மேல ஏறி, தொப்புனு விழுந்து, திரும்ப மெதுவா நெளிஞ்சிக்கினு வருது பாரு, அத எங்க பாத்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். சீனாக் கம்பெனிங்க பங்குல போடற மியூச்சுவல் பண்டு, சீனாப் பண்டு தானே? ஆங், அதான பாத்தேன்.

போட்டுட்டியா, போடப் போறியா? இன்னும் போடல. சரி. கல்யாணம் ஆயிடுச்சா? தை மாசமா. நல்லா இரு.

நானா? நான் ஒண்ணும் பெரிய ஆபீசர் இல்லப்பா. காஞ்சிபுரத்துல பட்டு நூல் கடையில எடை போடறவன். பேரு ராஜகோபால், ஊரு முசரவாக்கம். அதோ, முன்னாடி லேடீஸ் சீட்டுல, ஜன்னல்ல தலைய சாச்சிக்கினு தூங்கறா பாரு, பச்சப் பொடவ, அவதான் என் பொஞ்சாதி, தேவகி. பக்கத்துல உக்காரறேன்னா, போங்க, காத்து வரட்டும்னு தொரத்திட்டா. கொஞ்சம் மெதுவாவே பேசுவோம். எந்திரிச்சான்னா, பஸ்லயும் இதே பேச்சான்னு கேப்பா.

நான் ஏன் போட்டேன்னு கேளு, சிரிப்ப. எங்க கடைக்கு பெங்களூரு பட்டும் வரும், சீனாப் பட்டும் வரும். சீனாப் பட்டு வெல ஏறிக்கினே இருக்கும். ஏறும்போதெல்லாம் நெசவு பண்றவங்க வந்து மொதலாளிகிட்ட கத்துவாங்க, நான் தராசுகிட்ட நின்னுக்கினு கேப்பேன். ஒரு நாளு எனக்குத் தோணிச்சி. ஊரு காசெல்லாம் அவன்கிட்ட போவுது, அப்போ அவன் நல்லா வாழறான். அந்த நாட்டுல நாமளும் ஒரு பங்கு வாங்கிட்டா? இங்க நூல் வெல ஏற ஏற, அங்க நம்ம பணமும் ஏறுமே. மொதலாளிக்கே தோணாதது எனக்குத் தோணிடுச்சின்னு ஒரு வாரம் தலகால் புரியல.

அந்தோணின்னு ஒருத்தரு, பண்டெல்லாம் போட்டுத் தர்ற ஏஜென்ட்டு. அவரு தலையில அடிச்சிக்காத கொறதான். அண்ணே, நூல் வெல ஏறறது வேற, அந்த நாட்டுக் கம்பெனிங்க லாபம் வேற. நாடு வளந்துக்கினே இருக்கும், பங்கு வருஷக்கணக்கா படுத்துக் கெடக்கும், அப்டியும் நடக்கும். ஒரே நாட்ட நம்பி மொத்தத்தையும் போடாதீங்க, கால்வாசி போட்டாப் போதும்னாரு. நான் கேட்டனா? கண்ணால பாக்கறேன் இல்ல, மூட்ட மூட்டையா வருதுன்னேன். மாசா மாசம், மொத்தமும் அதுலயே போச்சி. எங்க பொண்ணு ஜீவிதா ஒண்ணாங்கிளாஸ் சேந்த வருஷம் ஆரம்பிச்சது. அவ காலேஜுக்குன்னு. இந்த வருஷம் அவ பன்னெண்டாவது.

ஆரம்பத்துல தேவகி சும்மா இருக்க மாட்டா. என் கூடப் பொறந்தவன் கல்யாணம்பா, வூட்டுக்கு மேல ஒழுவுதும்பா, அதுல இருந்து கொஞ்சம் எடுங்களேம்பா. எனக்கு பயம், இப்டியே எடுத்து எடுத்து கரைச்சிடுவோம்னு. இன்னா பண்ணேன், மஞ்சத் துணியில ஒரு ரூபாவ முடிஞ்சி சாமி படத்துல மாட்டிட்டேன். இந்தா பாரு, அந்தப் பணம் இனிமே கொலசாமிக்கு முடிஞ்சி வெச்ச காசு மாதிரி. புள்ள பன்னெண்டாவது முடிக்கற வரைக்கும் கை வெக்கக் கூடாது, வெச்சா ஆவாதுன்னேன். சாமிக்கு முடிஞ்சத பட்டினி கெடந்தாலும் தொட மாட்டாங்க இல்ல? அவளும் அதோட கேக்கறத நிறுத்திட்டா. பொம்பளைய எப்டி வழிக்குக் கொண்டாந்தேன் பாருன்னு கடையில சொல்லி சிரிச்சேன்பா. சிரிச்சேன்.

ஏறாம இல்ல, ஏறிச்சி. கொரோனா கொஞ்சம் அடங்கின சமயம், போட்டதுக்கு ரெட்டிப்பு நின்னுது. அந்தோணிய ரோட்டுல பாத்தா மீசைய முறுக்குவேன். அப்புறம் எறங்க ஆரம்பிச்சிது பாரு, நிக்கவே இல்ல. இந்த வருஷம் நிக்கும், அடுத்த வருஷம் நிக்கும்னு பாத்துக்கினே இருந்தேன், கடைசியில போட்ட மொதலே கொறஞ்சிடுச்சி. இதுல கூத்து இன்னான்னா, நூல் வெல மட்டும் எறங்கல. அன்னிக்குத்தான் அந்தோணி சொன்னது என் மண்டையில ஏறிச்சி.

அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல, சாய்ங்காலம் வந்து சோறு துன்ன உக்காந்தா அவகிட்ட இதே பொலம்பல்தான். இன்னிக்கு இவ்ளோ போச்சி, நேத்து அவ்ளோ போச்சி. இப்ப எடுத்தமோ புள்ள படிப்பு மண்ணாப் போவும், உசுரே போனாலும் இப்ப எடுக்கக் கூடாதுன்னு சொல்லுவேன். வாய்க்கு வந்தது தானே, யோசிச்சா பேசறோம். அவ கொழம்பு ஊத்திக்கினே கேட்டுக்கினு இருப்பா. சரி, ஏறட்டும், ஏறினப்புறம் பாத்துக்கலாம்பா. எனக்கு ஆறுதல் சொல்றான்னு நெனச்சேன்.

மொத்தத்துல எவ்ளோ வந்துதுன்னா கேக்கற? கணக்கு பாத்தா வருஷத்துக்கு அஞ்சு பர்சன்ட்டு கூட தேறல. போஸ்டாபீசுல போட்டிருந்தா இத விட ஜாஸ்தி வந்திருக்கும். நான் உன்ன போடுன்னும் சொல்லல, போடாதன்னும் சொல்லல. நஷ்டம் இல்ல, அதான் சொல்றேன். போன ஆனி மாசம் ஒரு நாளு போன்ல பாக்கறேன், மொதலுக்கு மேல நிக்குது. எனக்குக் கையே ஓடல. கடையில இருந்து வரும்போது கால் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கினு போனேன். ஏ தேவகி, பொழச்சிட்டோம்டின்னேன். ஜாங்கிரிய வாங்கி கையிலயே வெச்சிக்கினு நின்னா. அப்டின்னா இப்ப எடுத்தா நஷ்டம் இல்லியான்னு கேட்டா. இல்லடின்னேன். நெஜமா இல்லியான்னு இன்னொரு தபா கேட்டா. அப்புறம் எதுர்ல வந்து உக்காந்து, மாருல ஒரு கட்டி இருக்குதுங்க, இப்பல்லாம் கையத் தூக்கினா வலிக்குதுன்னா.

ஏம்பா, நீ எதுக்கு சாரி சொல்ற. நீ இன்னா பண்ண.

அதுக்குத்தான் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போயிக்கினு இருக்கறோம். ஊசி போடறாங்க. போட்டுட்டு வந்தா நாலு நாளைக்கு ஒண்ணும் துன்ன மாட்டா. காப்பீட்டு கார்டா? இருக்குதுப்பா, எல்லாம் இருக்குது. சர்க்காருல பாதிக்கு மேல அவங்களே குடுக்கறாங்க. ஆனா அவ சித்திக்கு இதே வந்து, இருந்த நெலத்தையெல்லாம் வித்தாங்க. கட்டின்னா லட்சக்கணக்குல ஆவும்னு அவ மனசுல அதான் நிக்குது. கார்டு இருக்குதுடி பைத்தியமேன்னு நான் சொல்லியிருப்பேன், எங்கிட்ட வாயத் தொறந்திருந்தா. தொறக்கற மாதிரியா நான் பேசினேன்? அவ வாயக் கட்டினது நான்தான் தம்பி. ஜீவிதா கூட இன்னும் என்ன ஒரு வார்த்த கேக்கல. கேட்டுட்டா தேவல.

மொத நாளு அந்த டாக்டரம்மா கைய வெச்சிப் பாத்துட்டு, எவ்ளோ நாளாம்மா இது இருக்குதுன்னு கேட்டாங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம்னு சொல்லப் போறான்னு நான் நிக்கறேன். இவ கொஞ்சம் யோசிச்சா. அதாம்மா, எங்க சீனாப் பண்டு போட்ட மொதலுக்கும் கீழ எறங்கிச்சே, அப்போ இருந்துன்னா. அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. என்னத் திரும்பிப் பாத்து, அது எப்போங்கன்னு கேட்டாங்க.

எனக்கு தேதியே தெரியும் தம்பி. சொன்னேன், எழுதிக்கினாங்க.